காதல் கதையில் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

(தொலைக்காட்சி அரங்கம் ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய அரங்கின் தலைப்பு 'நகரத்துக் காதலும் நகைச்சுவையும்'. தலைப்பை அறிவித்ததும் முன் வரிசையில் இருக்கும் இளைஞர்கள் சிரித்தார்கள். பின் வரிசையில் இருக்கும் பெற்றோர்கள் சிரிக்கவில்லை. ஒரே தலைப்பு, ஒரே மண்டபம். ஆனால் ஒருவருக்குச் சிரிப்பு, இன்னொருவருக்குக் கவலை. காதலைப் பற்றி எழுதப்படும் எல்லா நகைச்சுவைக் கதைகளும் இந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில்தான் பிறக்கின்றன. எனவே கேட்க வேண்டிய கேள்வி, காதலில் சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்பதல்ல. அந்தச் சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு கதை. முழுக்க முழுக்கக் கற்பனை. கேட்கும்போது, 'இது நம் பக்கத்து வீட்டுச் சங்கதி ஆயிற்றே' என்று யாருக்காவது தோன்றினால் அதற்குக் கதை பொறுப்பல்ல, பக்கத்து வீடுதான் பொறுப்பு.

கைத்தொலைபேசி எடுத்துக் கொடுத்த பெண்

மாப்பிள்ளை ஸ்ரீ கெம்பாங்கான் வாசி. செர்டாங் ராயாவில் அடுக்குமாடி வீடு. குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் வேலை. வயது 31. பெண் கிள்ளானைச் சேர்ந்தவள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். வயது 29. இருவரையும் சேர்த்து வைத்தது தரகரும் அல்ல, கோயில் திருவிழாவும் அல்ல. கைத்தொலைபேசிச் செயலி.

செயலியில் மாப்பிள்ளை போட்டிருந்த படத்தில் அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளை மெர்சிடிஸ் நிற்கிறது. அது முதலாளியின் கார். படத்தில் அவன் தலையில் இருந்த முடி பத்து வருடத்துக்கு முந்தியது. முடி அவனுடையதுதான், காலம்தான் மாறிவிட்டது. பெண் மட்டும் சும்மா இருந்தாளா? பிடித்த பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'சமையல்' என்று போட்டிருந்தாள். அவளுடைய சமையல் மெகி மீயில் முட்டை உடைத்து ஊற்றுவதோடு முடிந்துவிடும்.

மூன்று மாதம் குறுஞ்செய்தி. "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டேன். நீங்க?" "நானும் சாப்ட்டேன்." இந்த மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு தொண்ணூறு நாள் உரையாட முடியும் என்பதைத் தமிழ் இனம் உலகுக்கு நிரூபித்துவிட்டது.

பிறகு நேரில் பார்ப்பது என்று முடிவாயிற்று. எங்கே? இதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை, ரயில் வரைபடம் பார்த்தால் போதும். செர்டாங் ஒரு கொமுட்டர் பாதையில் இருக்கிறது, கிள்ளான் இன்னொரு பாதையில் இருக்கிறது. இரண்டு பாதைகளும் கேஎல் சென்ட்ரலில் ஒன்று சேர்கின்றன. சிரம்பான் பக்கத்துப் பையனும் கிள்ளான் பக்கத்துப் பெண்ணும் சந்திக்க 1995இல் கொமுட்டர் ஓடத் தொடங்கியபோதே வழி போட்டாகிவிட்டது. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டதும் அந்த வழிக்குக் குளிர்சாதன வசதியும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. மாப்பிள்ளை டிக்கெட் கதவுகளுக்கு வெளியே தூண் ஓரம் நிற்கிறான். பெண்ணும் அதே தூணின் மறுபக்கம் நிற்கிறாள். அவன் தேடுவது படத்தில் பார்த்த முகத்தை. அவள் தேடுவது படத்தில் பார்த்த முடியை. இருபது நிமிடம் ஆயிற்று. 'ஏமாற்றிவிட்டானே' என்று அவள் போன் அடிக்கிறாள். முதுகுக்குப் பின்னால் மணி அடிக்கிறது. இருவரும் திரும்புகிறார்கள். அவன் அவளைப் பார்க்கிறான். அவள் அவன் தலையைப் பார்க்கிறாள்.

"கார் எங்க நிறுத்தியிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அது... வர்க்‌ஷாப்ல இருக்கு" என்றான்.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. கெத்தாகக் கோழி, நண்டு, மீன் தலை என்று சொல்லிவிட்டான். பில் வந்ததும் பணப்பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தான். இரண்டாம் முறை திறந்தால் பணம் கூடியிருக்கும் என்ற நம்பிக்கை. அவள் கைத்தொலைபேசியை எடுத்து, மேசையில் இருந்த கட்டத்தைக் காட்டிப் பணம் கட்டிவிட்டாள். "அடுத்த தடவை நீங்க" என்றாள். அடுத்த தடவை உண்டு என்பதை அவன் தெரிந்துகொண்டது அந்த ஒரு வார்த்தையில்தான்.

தோட்டம் போனது, விசாரணை போகவில்லை

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தலாம். பின் வரிசைப் பெரியவர்கள், "எங்கள் காலத்தில் இப்படியா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

அந்தக் காலத்தில் மலாயாத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களில் இருந்தார்கள். ஒரு லயத்தில் ஒருவன் இருமினால் அடுத்த லயத்தில் கசாயம் வைப்பார்கள். மாப்பிள்ளை குடிப்பானா, மாமியார் சண்டைக்காரியா என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரியும். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்புப் பகுதிகள் ஆயின. ஸ்ரீ கெம்பாங்கானுக்குத் தெற்கே இருக்கும் புத்ராஜெயாவே ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம்தான். 1990களில் அங்கிருந்து வெளியேறிய தோட்டக் குடும்பங்கள் பல, டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. ஸ்ரீ கெம்பாங்கானின் கதையும் இடம் மாறியவர்களின் கதைதான். அவசர காலத்தில் செர்டாங் பாரு என்ற பெயரில் சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய புதுக்கிராமம் அது. இன்று அதைச் சுற்றித் தொழிற்பேட்டைகளும் தாமான்களும் வந்து, பல இனத்தாரும் வாழும் பட்டணமாகிவிட்டது.

பட்டணத்தில் பதினேழாவது மாடியில் இருப்பவருக்குப் பதினாறாவது மாடிக்காரரின் பெயர் தெரியாது. லிப்டில் பார்த்தால் இருவரும் எண்களைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த நிலையில் பையனுக்குப் பெண் எங்கே கிடைக்கும்? பெண்ணுக்குப் பையன் எங்கே கிடைப்பான்?

அதனால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய தரகரைத் தேடிக்கொண்டது. ஒரு தலைமுறைக்குப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதி. அடுத்த தலைமுறைக்கு வானொலி ஆறில் பாடல் விருப்பம். பெயரைச் சொல்லிப் பாட்டு கேட்டால், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். அதன் பிறகு எஸ்.எம்.எஸ். அதன் பிறகு 2002இல் அமெரிக்காவில் தொடங்கிய பிரண்ட்ஸ்டர். இந்த நாட்டு இளைஞர்கள் அதில் ஒருவருக்கொருவர் நற்சான்று எழுதிக்கொண்டே காலம் கழித்தார்கள். 2009இல் ஒரு மலேசிய நிறுவனமே அதை வாங்கியது. வாங்கும்போது கூட்டம் முகநூலுக்குப் போய்விட்டது. 2012இல் டிண்டர் வந்தது. இப்போது விரலை வலப்பக்கம் தள்ளினால் சம்மதம், இடப்பக்கம் தள்ளினால் மறுப்பு. பாட்டிமார் ஒரு முகச் சுளிப்பில் செய்த வேலை அது.

ஆகவே இளைய தலைமுறை கெட்டுப்போய்ச் செயலிக்குப் போகவில்லை. லயம் இல்லாததால் போனது. இதைப் பெற்றோர்கள் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

மூன்று மணி நேர விசாரணை

இனி கதைக்குத் திரும்பலாம். எட்டு மாதம் கழித்து வீட்டில் தெரிந்துவிட்டது. எப்படி? கொமுட்டரில் ஓர் அங்கிள். கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த ரயில் பெட்டியில் ஏறினாலும், அப்பாவுக்குத் தெரிந்த ஓர் அங்கிள் இருப்பார். அரசாங்கம் கேமரா வைப்பதற்கு முன்பே நம் சமுதாயம் அங்கிள்களை வைத்துவிட்டது.

பையன் வீட்டார் ஒரு கார், ஒரு வேன், ஆறு தட்டு, பதினெட்டுப் பேர் என்று கிள்ளானுக்குப் போனார்கள். பையனின் அத்தை விசாரணை அதிகாரி.

"பொண்ணு சமைக்குமா?"

"கார் ஓட்டுமா?"

"சம்பளம் கையில எவ்வளவு வருது?"

"வீட்டுக் கடனுக்குப் பேரு சேத்துக்கலாமா?"

"கொஞ்சம் நெறம் கம்மியா இருக்கே, வெயில்ல நடக்குமோ?"

"இருபத்தொம்போது ஆச்சே, ஏன் இத்தனை நாளா கட்டிக் கொடுக்கல?"

கடைசிக் கேள்விக்கு அங்கிருந்த பாதிப் பேர் சிரித்தார்கள். பெண் தட்டில் இருந்த பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையனும் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கவனித்தாள்.

பையனிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "தம்பி, டீயா கோப்பியா?"

அப்புறம் நடந்ததுதான் திருப்பம். பெண்ணின் தாத்தா மூலையில் உட்கார்ந்திருந்தவர், "உங்க பெரியவரு எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். இரு தாத்தாமாரும் ஒரே தோட்டம். ஒரே மண்டோரின் கீழ் பால் வெட்டியவர்கள். கூடவே, நாற்பது வருடத்துக்கு முன் கோயில் திருவிழாவில் உறுமி மேளத்தை யார் வீட்டில் வைப்பது என்பதில் பேச்சு வார்த்தை நின்றுபோனவர்கள். அந்தச் சண்டையை முடித்து வைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கல்யாணப் பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது.

கையெழுத்துக்கும் தாலிக்கும் நடுவே

முதலில் பதிவுத் திருமணம், அப்புறம் கோயில் திருமணம் என்று முடிவாயிற்று. இந்த நாட்டில் இது சகஜம். இந்த ஏற்பாட்டைத்தான் நகைச்சுவை எழுதுகிறவர்கள் அதிகம் கவனிக்க வேண்டும், பெற்றோர்கள் அதைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன்படி ஒருவனுக்கு ஒருத்தி. பதிவு கட்டாயம். மணம் செய்ய விரும்பும் அறிவிப்பைக் கொடுத்தபின் 21 நாள் பொறுக்க வேண்டும். 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். துணைப் பதிவதிகாரியாக நியமிக்கப்பட்டவர் இருக்கும் கோயிலில், தாலி கட்டும் அன்றே பதிவையும் முடித்துக்கொள்ளலாம். ஆனாலும் பலர் பதிவை முன்னால் செய்துவிட்டு, மண்டபமும் பணமும் சேர்ந்த பிறகு தாலி கட்டுகிறார்கள். இடையில் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகிறது.

இந்த இடைக்காலத்தில் அவர்கள் யார்? சட்டத்தைக் கேட்டால் கணவன் மனைவி. அப்பாவைக் கேட்டால், "ஒம்போது மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்." வங்கியைக் கேட்டால் கூட்டுக் கடன்காரர்கள். பாட்டியைக் கேட்டால், "இன்னும் கல்யாணம் ஆகல, பக்கத்துல ஒக்காராத."

நம் கதை மாந்தருக்கு இந்த இடைக்காலம் பதினான்கு மாதம். பையன் அவளைக் கிள்ளான் வரை கொண்டுபோய் விடுவான். கொமுட்டரில் 2010 முதல் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, இளஞ்சிவப்புப் பலகையோடு. மாலை நேரக் கூட்டத்தில் அவள் அதில் ஏறிவிடுவாள். அவன் அடுத்த பெட்டியில் ஏறுவான். சட்டப்படி மனைவி, பத்தடி தூரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இருவரும் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே கிள்ளான் போய்ச் சேருவார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

இதுவரை சிரிப்பு. இனிமேல் கதை கொஞ்சம் மாறுகிறது.

பதிவுக்கு முன் அவன் அனுப்பிய செய்தி, "சாப்ட்டீங்களா?" பதிவு முடிந்த இரண்டாம் வாரம் வந்த செய்தி, "எங்க இருக்க?" மூன்றாம் மாதம், "யார்கூட இருக்க?" ஐந்தாம் மாதம், "போன் பாஸ்வேர்ட் அனுப்பு." ஏழாம் மாதம், "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடு, அத்தை சொல்றாங்க."

அவள் ஏன் என்று கேட்டாள். அவன் சொன்ன பதில், "அதான் ரிஜிஸ்டர் முடிஞ்சிருச்சே."

அன்று இரவு அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா பயந்துபோனாள். "கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே வேணாம்னா ஊரு சிரிக்கும்டி. முப்பது ஆகப்போகுது. யாரு கட்டுவா?"

ஊர் சிரிக்கும் என்ற பயம்

'ஊரு சிரிக்கும்.' இந்த இரண்டு வார்த்தைகளில்தான் இன்றைய தலைப்பே அடங்கியிருக்கிறது. கல்யாண வீட்டுச் சிரிப்பு யாரைக் குறி வைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நிறம் குறைந்த பெண், உடல் பருத்த பெண், வயது ஏறிய பெண், விவாகரத்து ஆனவள். ஆண்களில் குள்ளமானவன், திக்கிப் பேசுகிறவன், லோரி ஓட்டுகிறவன். பல மேடை நாடகங்களும் தொலைக்காட்சித் துணுக்குகளும் இவர்களை வைத்தே கைதட்டல் வாங்கியிருக்கின்றன. அந்தக் கைதட்டலைக் கேட்டு வளரும் பெண், ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதற்காகவே தப்பான இடத்தில் கையெழுத்துப் போடுகிறாள். தப்பு என்று தெரிந்த பிறகும் மணவறையில் போய் உட்காருகிறாள்.

சட்டமும் இந்த இடத்தில் எளிதல்ல. பதிவு நாளிலிருந்து 2 ஆண்டு முடியும் முன் விவாகரத்து மனு கொடுக்க முடியாது. விதிவிலக்கான சூழ்நிலை, கடும் துன்பம் இருந்தால் மட்டும் நீதிபதி அனுமதி தரலாம். திருமணத்தை ரத்துச் செய்யத் தனிக் காரணங்கள் உண்டு, அதற்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும். தாலி கட்டவில்லையே என்று சொன்னால் பதிவேடு கேட்காது. மண்டபத்தை முன்பதிவு செய்வதுபோல மனிதரை முன்பதிவு செய்ய முடியாது என்பதைப் பெற்றோர்களும் பிள்ளைகளும் பதிவு அலுவலகத்தின் படி ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, சிரிப்பே வேண்டாமா? வேண்டும். ஆனால் சிரிப்பு மேலே பார்த்து எறியப்பட வேண்டும். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர் மேல் விழ வேண்டும். நல்ல நகைச்சுவைக்காரர்கள் இதை எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள்.

1964இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. அதில் காதலர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. பணக்காரச் சம்பந்தம் என்றதும் வாயெல்லாம் பல்லாகிவிடும் அப்பா பாலையாவைப் பார்த்துத்தான் சிரித்தோம். அதே 1964இல் பி. ரம்லியின் 'மடு தீகா' வந்தது. மூன்று மனைவிகளைக் கட்டிக்கொண்டு, ஒரு வீட்டுப் பொய்யை மறைக்க இன்னொரு வீட்டுக்கு ஓடும் கணவனின் மூச்சு வாங்கலே அதில் நகைச்சுவை. சிரிப்பு அந்த ஆணின் தலையில் விழுந்தது.

இன்னும் தூரம் போகலாம். நைஜீரியாவில் ஒனிட்சா என்றொரு ஊர், பெரிய சந்தைக்குப் பெயர் போனது. 1950களிலும் 60களிலும் அந்தச் சந்தையில் காதல், கல்யாணம் பற்றிய சின்னச் சின்னப் புத்தகங்கள் காய்கறியோடு காய்கறியாக விற்பனை ஆயின. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த புதிய வாசகர்கள், பெண்ணிடம் எப்படிப் பேசுவது, காதல் கடிதம் எப்படி எழுதுவது என்று அவற்றைப் படித்தே தெரிந்துகொண்டார்கள். அவற்றில் புகழ்பெற்ற ஒன்று, ஒகாலி ஏ. ஒகாலி 1956இல் எழுதிய 'வெரோனிக்கா மை டாட்டர்' என்ற நாடகம். மகளைப் பணக்காரத் தலைவர் ஒருவருக்குக் கட்டிக் கொடுக்கத் துடிக்கும் அப்பா, வேறொருவனை விரும்பும் மகள். சிரிப்பு முழுவதும் அப்பாவின் வீறாப்பின் மேல்தான். 2014இல் கானாவின் அக்ரா நகரை வைத்து 'ஆன் ஆப்பிரிக்கன் சிட்டி' என்ற தொடர் இணையத்தில் வந்தது. வெளிநாட்டில் படித்து ஊர் திரும்பிய ஐந்து பெண்கள், உணவகத்தில் உட்கார்ந்து தாங்கள் சந்தித்த ஆண்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கேயும் 'எப்போது கல்யாணம்?' என்று கேட்கும் குடும்பம் உண்டு. அங்கே பெண்கள்தான் கேள்வி கேட்கிறார்கள், ஆண்கள் தேர்வு எழுதுகிறார்கள்.

ஒனிட்சாவும் அக்ராவும் கிள்ளானும் ஒரே தவிப்பில் இருக்கும் ஊர்கள்தான். பழைய ஊரை விட்டு வந்தவர்கள், புதிய ஊரில் துணை தேடுகிறவர்கள். அதனால்தான் அங்கே எழுதிய சிரிப்பு இங்கேயும் புரிகிறது.

கேள்வித்தாள் கை மாறியது

கதையை முடித்துவிடலாம். மறுநாள் அவள் ஒரு தாளை எடுத்தாள். அத்தை கேட்ட ஆறு கேள்விகளையும் வரிசையாக எழுதினாள். கீழே ஏழாவதாக, 'போன் பாஸ்வேர்ட்' என்று சேர்த்தாள். கேஎல் சென்ட்ரலில் அதே தூண் ஓரம் வைத்து அவனிடம் கொடுத்தாள்.

"இது என்ன?" என்றான்.

"உங்க அத்தை கேட்டதுதான். நான் பதில் சொல்லிட்டேன். இப்ப நீங்க எழுதுங்க. கல்யாணத்துக்கு நோட்டீஸ் போட்டப்ப 21 நாள் பொறுத்தோம்ல? அதே மாதிரி 21 நாள். அதுவரைக்கும் சாப்ட்டியானு கேக்க வேணாம்."

முதலில் அவன் சிரித்தான். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. சமைக்குமா? மீ கோரெங் மட்டும், அதுவும் கருகும். சம்பளம்? சொன்னதைவிட ஐந்நூறு வெள்ளி குறைவு. கார்? அது முதலாளியுடையது. கடன்? அப்பாவுக்கே தெரியாத பிடிபிடிஎன் கல்விக் கடன் பாக்கி. முப்பத்தொன்று ஆச்சே, ஏன் இத்தனை நாள் கட்டவில்லை? இந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஏழாவது கேள்வியில்தான் வியர்த்தது. அவனுடைய போனில் 'கேஸ் கடை அங்கிள்' என்று ஒரு பெயர் இருந்தது. அந்த அங்கிள் ஐந்து வருடத்துக்கு முன், 'ஹேப்பி பர்த்டே டியர்' என்று செய்தி அனுப்பியிருந்தார். கேஸ் தோம்பு போடுகிற எந்த அங்கிளும் அப்படி அனுப்புவதில்லை.

அந்த 21 நாளில் இன்னொன்றும் நடந்தது. பெண்ணின் அப்பா அதிகம் பேசாத மனிதர். ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். ஒரு நாள் அவளை நிலையத்தில் விட வந்தபோது, காரை நிறுத்திவிட்டு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மண்டபத்துக்குக் கட்டின முன்பணம் போனா போகட்டும்மா. கையெழுத்தை கோர்ட்ல பாத்துக்கலாம், வருசம் ஆனாலும் பரவால்ல. ஊரு சிரிக்கிறதுக்காக நீ அழுதுகிட்டே மணவறையில ஒக்காரக்கூடாது."

ஒன்பது மணிக் கட்டுப்பாடு போட்ட அதே அப்பாதான்.

இருபத்திரண்டாம் நாள் அவன் தாளைக் கொண்டுவந்தான். ஏழு பதிலும் எழுதியிருந்தது. கேஸ் கடை அங்கிளும் இருந்தார். கடைசியில் கேட்காத எட்டாவது வரி ஒன்று: 'அத்தை கேட்டப்ப நானும் சிரிச்சேன். தப்பு.' அவள் முழுவதையும் படித்தாள். கேஸ் கடை அங்கிளுக்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். சம்மதம் என்று உடனே சொல்லவில்லை. "எனக்கு இன்னும் மூணு மாசம் வேணும். மண்டபத் தேதிய மாத்துங்க. வேலைய விட மாட்டேன். அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

அத்தையிடம் சொல்வதற்கு அவனுக்குப் பதினொரு நாள் பிடித்தது. பேய் விரட்டுகிறவர்கள்கூட இவ்வளவு ஆயத்தம் செய்ததில்லை. ஆனால் சொன்னான்.

கல்யாணம் மூன்று மாதம் தள்ளி நடந்தது. முன்பணத்தில் பாதி போயிற்று. மணவறையில் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளை தலையில் இருந்த மிச்ச முடியை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். பந்தியில் அதே கொமுட்டர் அங்கிள், பெண்ணின் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, தேதி தள்ளிப் போச்சாமே? ஏதும் பிரச்சினையா?"

அப்பா சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்.

"ஒண்ணுமில்லீங்க. கொமுட்டர் லேட்டு."

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கிளும் கேட்கவில்லை.

அன்பான பெற்றோர்களே, மகளின் தயக்கத்துக்கு ஊர் காரணம் கேட்டால், அந்த அப்பாவைப்போல ரயில்மீது பழி போட்டுவிடுங்கள், ரயில் கோபித்துக்கொள்ளாது. இளைஞர்களே, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஏழு கேள்விகளையும் உங்களையே கேட்டுப் பாருங்கள். எழுதுகிறவர்களே, அடுத்த காதல் நகைச்சுவையை எழுதும்போது பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை விட்டுவிடுங்கள். எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், சிரிப்பு தானாக வரும்.